பனியில் விழுந்த மைக்கேலைத் தேடாதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், மாலையில் வண்டிகள் நின்றபிறகு கிதாரோடு உட்காருவோம். அங்கே 'ஒயிட் விண்டர் ஹிம்னல்' பாட்டை எடுத்தாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: "அந்த மைக்கேல் யாருப்பா? செத்துட்டானா?"

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஃப்ளீட் ஃபாக்ஸஸ் இசைக்குழு 2008-இல் வெளியிட்ட பாட்டு இது. கழுத்தில் சிவப்பு மஃப்ளர் கட்டிய கூட்டம், கீழே விழும் மைக்கேல், ஸ்ட்ராபெரி போலச் சிவக்கும் பனி. ஒரே பத்தி, அதுவே திரும்பத் திரும்ப வரும். இதற்குள் கொலைக்கதை தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் அட்டையிலும் பழமொழிகளை ஒளித்து வைத்த, ஓவியர் புரூகலின் 1559 ஓவியம் இருப்பதால், எல்லாமே விடுகதை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் பாட்டை எழுதிய ராபின் பெக்னால்ட், வரிகளுக்குப் பெரிய பொருள் கிடையாது, குரல்கள் சேர்ந்து பாட ஒரு சாக்குதான் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்.

சரி, அதற்காக வரிகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் தவறு. தொடக்கத்தைக் கவனியுங்கள். 'பின்னால் போய்க்கொண்டிருந்தேன்' என்ற பொருள் தரும் ஒரு துண்டை ஒரு குரல் பாடுகிறது. யாருக்குப் பின்னால் என்று சொல்வதற்குள் வாக்கியம் அறுந்துவிடுகிறது. அதே துண்டு மறுபடி வரும்போது இன்னொரு குரல் சேர்கிறது, அப்புறம் இன்னொன்று. நம் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் முழு அடியையும் வாங்கிப் பாடுவார்கள். இங்கே அடியே முடிவதில்லை. அடுத்த சொல்லுக்காகக் காது காத்துக் கிடக்கிறது. பின்தொடர்வதைச் சொல்லும் வார்த்தையைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செய்தே காட்டுகின்றன! எனக்கு இந்தப் பாட்டின் உயிர் இந்தச் சில நொடிகள்தான். மெட்டோ மேற்கத்திய இசையில் 'மேஜர்' என்கிற பளிச்சென்ற சுர வரிசையில் அமைந்தது. அதன்மேல் ரத்தச் சிவப்பு விழுவதால்தான் மனசு கலங்குகிறது.

மேஜர் என்றதும் 'சங்கராபரணம் ராகம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் உதவாது. சுரங்கள் ஒன்றுதான். ஆனால் இங்கே சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை, ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நிற்கும் குரல்களே எல்லாம். போன் ஸ்பீக்கரில், அதுவும் அலைச் சத்தத்தில், கீழ்க்குரல் காணாமல் போய்விடும். ஹெட்போனில் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள்.

பாடிப் பார்ப்பதென்றால் எல்லோரும் ஒன்றாகத் தொடங்காதீர்கள், கிதாரும் வேண்டாம். ஒருவர் தொடங்கட்டும். மற்றவர்கள் அவர் மூச்சைக் கேட்டுவிட்டு நுழையுங்கள்.