விதையை வெயிலுக்குக் காட்டாதீர்கள்: பாலை நீலமணி வளர்க்கும் முறை

தெற்குக் கலிபோர்னியாவில் இருப்பவர்கள் பலர் என்னிடம் சொல்லும் புகார் ஒன்றுதான், டெசர்ட் புளூபெல் என்கிற பாலை நீலமணி விதை வாங்கித் தூவினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை என்று. தூவியதுதான் பிரச்சினை. மேலே தூவி அப்படியே விட்டால் வெளிச்சம் பட்டு இந்த விதை முளைக்க மறுக்கும், இதற்கு இருட்டு வேண்டும். அரை சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள், போதும்.

சரி, முதலில் செடியை அடையாளம் தெரிந்துகொள்வோம். தாவரவியல் பெயர் ஃபசீலியா கேம்பனுலேரியா. மொஹாவி, சொனோரன் பாலைகளின் மணலிலும் சரளைச் சரிவுகளிலும், குளிர்காலத்தில் நல்ல மழை கிடைத்த வருஷம் பிப்ரவரி வாக்கில் பூக்கத் தொடங்கும், ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் பார்க்கலாம். அடர்நீல மணி, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மகரந்தத் தாள்கள், வட்டமான பல்விளிம்பு இலை, சிவப்பேறிய தண்டு. பூங்கொத்தின் நுனி நம் ஊர் தேள்கொடுக்குச் செடி மாதிரியே சுருண்டிருக்கும், எனக்கு அதைப் பார்த்தாலே வரப்பு ஞாபகம் வந்துவிடும். இதோடு குழப்பிக்கொள்வது ஃபசீலியா மைனரை; அது ஊதா, மணியின் வாய் சற்றுக் குறுகியிருக்கும், காட்டுத்தீ பட்ட மலைச்சரிவுகளில் அதிகம் முளைக்கும்.

செடி முழுக்கப் பிசுபிசுப்பான முடி உண்டு, சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விதைக்க அக்டோபர், நவம்பர் நல்லது. கடும் உறைபனி விழும் இடமென்றால் வசந்தத்தின் தொடக்கம். நாற்று விட்டுப் பிடுங்கி நடவே வேண்டாம், வேர் அசைந்தால் செடி தேறாது, அதனால் நிலத்திலோ தொட்டியிலோ நேரடியாக விதையுங்கள். மண்ணில் மணலோ பொடிச்சரளையோ தாராளமாகக் கலந்து, நீர் தேங்காமல் பார்த்து, முழு வெயில் படும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். முளைக்கும்வரை ஈரம் காயக் கூடாது, இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். உரம் போடாதீர்கள், இலை கொழுத்து, தண்டு சாய்ந்து, பூ குறைந்துபோகும்.

வெயில் ஏறியதும் செடி காய்ந்துவிடும், அதன் ஆயுள் அவ்வளவுதான். உடனே பிடுங்கிவிடாமல் காய்கள் பழுப்பாகி வெடிக்கும்வரை விட்டுவையுங்கள், உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானே எழும். தேசியப் பூங்காவில் மட்டும் விதை பறிக்காதீர்கள், சட்டப்படி தடை.