பீரோவில் பெருகிய ஜாக்கெட் துணி: குவில்ட் தைக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

சேலத்தில் துணி சேர்வதற்கு யாரும் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. கல்யாணம், கிருகப்பிரவேசம், நவராத்திரி கொலு என்று தாம்பூலப் பையோடு ஒரு ஜாக்கெட் துணி வந்துவிடும். பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையில் எடுத்த புடவையின் முனையில் பிளவுஸ் துணி இணைந்தே வரும். அதைத் தைக்காமல் வெட்டி வைத்துவிடுவோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் ஆடித் தள்ளுபடியும் ஒரே மாதத்தில் வருவதால் கடைவீதிக்குப் போய் வெறும் கையோடு திரும்புகிறவர்கள் குறைவு. இத்துடன் ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட், தைக்கும் ஆசையும் சேர்ந்தால் கட்பீஸ் கடைகளும் கண்ணில் படத் தொடங்கும். பிறகு பீரோ மூடாது.

குவில்ட் தைக்கிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதே கதைதான். ஆயுள் முழுக்கத் தைத்தாலும் தீராத கையிருப்பு என்று மேல்நாட்டுக் குவில்ட்காரர்களிடையே ஒரு பேச்சே உண்டு. நன்றாக அடுக்கி வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் பெரும்பாலும் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுக்கிய துணி அழகாக இருக்கும்; குறையாது. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, எதற்கு என்று பிரித்து, ஒரு பகுதியை வெட்டியும் வைத்தால்தான் துணி மெஷினுக்கு வரும். அந்த வரிசையிலேயே செய்முறையைச் சொல்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

பீரோ, பரண், கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டி, தையல் மெஷின் இழுப்பறை என எல்லா இடத்திலிருந்தும் எடுத்து ஒரே அறையில் குவியுங்கள். புதிய பெட்டி எதுவும் இப்போது வாங்க வேண்டாம். பெட்டி வாங்கினால் அதை நிரப்பத்தான் தோன்றும்.

எடுக்கும்போதே ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். சேலத்தை ஒட்டிய மலையூரான ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த துணி பூசணம் பிடிக்கும். மலையில் இருப்பவர்கள் இந்த வேலையை வெயில் அடிக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சேலத்தில் பூசணத்தைவிட வெயிலும் பூச்சியும்தான் தொல்லை. மடிப்பு ஓரத்தில் மட்டும் நிறம் வெளுத்திருந்தால் அது ஜன்னல் வெளிச்சத்தின் வேலை. சிறு சிறு அரிப்பு தெரிந்தால் வெள்ளிப் பூச்சி. பூசணம் பட்டதைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள்; மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

படி 2: பருத்தி எது, மற்றது எது

முதல் குவில்டுக்குப் பருத்தி மட்டும் போதும். பருத்தி இஸ்திரிக்குப் படியும், தைக்கும்போது நழுவாது. பாப்ளின், கேம்ப்ரிக், நல்ல டூ-பை-டூ ஆகியவை ஏற்றவை. லைனிங் துணி மிக மெல்லியதாக இருந்தால் வேண்டாம். ஆர்ட் சில்க், ஜார்ஜெட், சாட்டின், பனியன் துணி எல்லாம் தனி மூட்டைக்குப் போகட்டும்.

காட்டன் என்று சொல்லி வாங்கியதிலும் பாலியஸ்டர் கலந்திருக்கலாம். கைக்குத் தெரியாவிட்டால் நெருப்புக்குத் தெரியும். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி முறுக்குங்கள். சமையலறைத் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு, விரலில் தேய்த்தால் பொடியாகும் மெல்லிய சாம்பலாக முடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகும். ஆறியபின் நுனியில் கறுத்த, கெட்டியான மணி ஒன்று நிற்கும். இரண்டும் கலந்தது பற்றி எரியும், ஆனால் சாம்பலுக்குள் அந்தக் கெட்டி தட்டுப்படும். பட்டு, முடி கருகும் வாசனை தரும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஆறும் வரை மணியைத் தொட வேண்டாம்.

படி 3: துவைத்துச் சாயம் பாருங்கள்

பருத்தி முதல் சலவையில் சுருங்கும். சுருங்கிய துணியையும் சுருங்காததையும் ஒன்றாகத் தைத்தால் போர்வை முதல் துவைப்பிலேயே கோணலாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் முன்னதாகவே துவையுங்கள்.

அரக்கு, சிவப்பு, கருநீலம் மூன்றையும் நம்பக் கூடாது. துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மீண்டும் அலசுங்கள். பலமுறை அலசியும் ஏறினால் அந்தத் துணி குவில்டுக்கு ஆகாது. பையாகவோ மெத்தை உறையாகவோ போகட்டும். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி அதை வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்க வேண்டாம்.

படி 4: எடை போடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒவ்வொரு துணியையும் நாடாவால் அளக்கத் தேவையில்லை. சராசரி கனமுள்ள ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து நீளத்தை அளந்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறகு பருத்தி முழுவதையும் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி, கொக்கித் தராசில் மாட்டுங்கள். 80 செ.மீ. துணி 80 கிராம் இருக்கிறது, மூட்டை 8 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஏறத்தாழ 100 ஜாக்கெட் துணி, அதாவது 80 மீட்டர் இருக்கிறது என்று பொருள்.

இனி அடுத்த கணக்கு. 80 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துணியில் 5 அங்குலச் சதுரங்கள் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 7, ஆக 42 கிடைக்கும். ஓரங்களைத் தைத்தபின் ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலமாக நிற்கும். கைக்குழந்தைக்கான 36 × 45 அங்குலப் போர்வைக்கு 8 × 10, அதாவது 80 சதுரம் வேண்டும். இரண்டே இரண்டு துணி! ஒற்றைக் கட்டிலுக்கான பெரிய போர்வைக்கு 13 × 20, அதாவது 260 சதுரம். ஏழு துணி போதும்.

100 துணியை ஏழால் வகுத்தால் பதினான்கு பெரிய போர்வை. வீட்டு வேலைக்கு நடுவே தைக்கும் புதியவருக்கு ஆண்டுக்கு இரண்டு முடிந்தாலே பெரிய விஷயம். ஆக, இன்று முதல் ஒரு துண்டுகூட வாங்காமல் இருந்தாலும் ஏழாண்டுக் கையிருப்பு அந்த மூட்டையில் இருக்கிறது. இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். எவ்வளவை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இப்போது ஒரு எண் கிடைத்திருக்கிறது. மூன்றாண்டுக்குத் தேவையான அளவை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. தையல் பழகும் பெண்களுக்கும், துணிப்பை தைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் அரை மீட்டர், முக்கால் மீட்டர் துணி உடனே பயன்படும். துவைத்து, பிரித்து, மடித்துக் கொடுங்கள். நமக்கு வேண்டாத குப்பையைத் தள்ளிவிடுவது கொடுப்பதாகாது.

படி 5: நிறத்தை அல்ல, வெளிச்சத்தைப் பிரியுங்கள்

வைத்துக்கொள்வதைச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அடுக்கத்தான் கை போகும். குவில்டுக்கு அதைவிட முக்கியம் எது அடர்த்தி, எது நடுத்தரம், எது வெளிர் என்பது. துணிகளை வரிசையாக விரித்துக் கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அரக்கும் கரும்பச்சையும் கண்ணுக்கு நேரெதிராகத் தெரிந்தாலும் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக நிற்கலாம். அவற்றை அடுத்தடுத்து வைத்துத் தைத்தால் வடிவம் எடுபடாது.

நம் வீட்டு ஜாக்கெட் துணிகளில் பெரும்பாலும் அடர்த்தியும் நடுத்தரமும்தான் இருக்கும். மங்கல நிகழ்ச்சியில் வெளிர் நிறம் யார் தருகிறார்கள்? வெளிர் துணி இல்லையே என்று கடைக்கு ஓட வேண்டாம். வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருக்கும். கிழியாத பகுதியைப் பார்த்து எடுத்தால் அதைவிட நல்ல வெளிர் துணி கிடையாது. பலமுறை துவைத்ததால் இனிச் சுருங்காது, சாயம் போகாது, பழுப்பேறிய வெண்மை எல்லா நிறத்தோடும் சேரும். கரையை வெட்டி எறியாமல் 2½ அங்குலப் பட்டையாக எடுத்து வையுங்கள். போர்வையின் ஓரத்தில் மிக எடுப்பாக இருக்கும். சேலம் வெண்பட்டு வேட்டியை மட்டும் தொடாதீர்கள். பட்டு, பருத்தியோடு சேர்ந்து துவைபடாது.

படி 6: வெட்டி வையுங்கள்

அரை மீட்டருக்கு மேல் உள்ளதை முழுதாகவே மடித்து வையுங்கள். அதற்குக் குறைந்ததை இப்போதே வெட்டிவிடுங்கள்: 5 அங்குலச் சதுரம் வருமானால் சதுரம், வராவிட்டால் 2½ அங்குலப் பட்டை, அதுவும் வராவிட்டால் 2½ அங்குலச் சதுரம். அதிலும் சிறியதைச் சேமிக்க வேண்டாம். பொடியாக நறுக்கித் தலையணைக்குள் அடைக்கலாம். பெரிய பூ, மயில், யானை போட்ட துணிகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சதுரத்துக்குள் மயிலின் கால் மட்டும் வந்து நிற்கும்.

அட்டையில் சரியாக 5 அங்குலத்துக்கு ஓர் அச்சு வெட்டி, சாக்பீஸால் வரைந்து, கூர்மையான கத்தரியால் வெட்டினால் போதும். துணியின் நெடுக்கு நூலுக்கு இணையாக அச்சை வையுங்கள். குறுக்குவாட்டில் கோணலாக வெட்டிய சதுரம் இழுபடும்.

படி 7: முதல் போர்வை

80 சதுரத்துக்கும் கால் அங்குலத் தையல். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் போனாலும், எட்டுச் சதுர வரிசையில் உள்ள ஏழு தையலில், இருபக்கத் துணியும் உள்ளே போவதால், ஒன்றே முக்கால் அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது. மெஷின் ஊசியைத் தாழ்த்தி, அதற்கு வலப்புறம் கால் அங்குலத்தை அளவுகோலால் குறித்து, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் டேப்பை உரசியபடியே போக வேண்டும். சோதிப்பதற்கு மூன்று 2½ அங்குலப் பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். நடுப்பட்டை சரியாக 2 அங்குலம் இருந்தால் தொடரலாம். குறைந்தாலோ கூடினாலோ டேப்பை நகர்த்துங்கள்.

எட்டெட்டாகப் பத்து வரிசை தையுங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் படியுமாறு இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு மூலைகள் நேராக நிற்கும்.

இப்படிச் சதுரங்கள் சேர்ந்ததுதான் மேல்துணி. அதற்கு அடியில் வரும் பின்துணிக்கு நாலு முழ வேட்டி ஒன்று தாராளம். நடுவே சேலத்துக்குப் பழைய பருத்தி விரிப்பு போதும், ஏற்காட்டுக்குப் பஞ்சு விரிப்போ கம்பளித் துண்டோ வைக்கலாம். மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குப் போடுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போட்டு வாருங்கள். பிறகு நடுத்துணியை மேல்துணி அளவுக்கு வெட்டி, பின்துணியை மட்டும் சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு, இரண்டு மடிப்பாக முன்பக்கம் கொண்டுவந்து தைத்தால் ஓரமும் முடிந்தது.

மெஷின் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை முழுக்க முழுக்கக் கைத்தையல். அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். மூலைகளில் மடித்து வைக்கும் சிறு முக்கோணத் துணிகளுக்குப் பூ என்று பெயர். அளவுகோலே வேண்டாம். 2½ அங்குலத் துண்டுகள் குவிந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 8: மீதியை வைக்கும் விதம்

இப்போது பெட்டி வாங்கலாம். வெட்டிய சதுரம், பட்டை, முழுத்துணி என்று மூன்று பிரிவு போதும். நன்கு காய்ந்த துணியைப் பருத்திப் பையில் கட்டி, வசம்புத் துண்டு ஒன்றைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். மர அலமாரியில் நேரடியாக வைத்தால் நாளடைவில் பழுப்புக் கறை ஏறும். நடுவே ஒரு வெள்ளைத்துணி விரியுங்கள். மலையில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள்.

ஒவ்வொரு பையின் மேலும் எடையை எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பும் முன் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடந்த ஆடிக்குப் பிறகு எத்தனை கிலோ குறைந்திருக்கிறதோ, அதில் பாதிக்கு மட்டும் வாங்கலாம். அதையும் வெளிர் நிறமாகப் பார்த்து வாங்குங்கள்.