ரன்வேக்குள் தெரியாமல் நுழைந்துவிடாமல் இருப்பது எப்படி: புது பைலட்டுக்கும் ஏர்சைடு டிரைவருக்கும்

சின்ன ஃபீல்டில் பறக்கப் பழகிவிட்டு முதல்முறையாகப் பெரிய ஏர்போர்ட்டில் டாக்ஸி செய்யப் (விமானத்தைத் தரையில் உருட்டிக்கொண்டு போக) போகிறவர்களுக்கும், விமானங்கள் நடமாடும் பகுதியில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் ஏர்சைடு டிரைவிங் பெர்மிட் இப்போதுதான் கைக்கு வந்தவர்களுக்கும் இது. மேலே போய்விட்டால் உங்களைக் காப்பாற்ற ரேடார், பக்கத்தில் வேறு விமானம் வந்தால் எச்சரிக்கும் டிகாஸ் கருவி என்று பல அடுக்கு இருக்கிறது. தரையில் டிகாஸ் குரல் கொடுக்காது. உங்கள் கண், காது, ரேடியோ, தரையில் அடித்திருக்கிற பெயின்ட், அநேகமாக அவ்வளவுதான். விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் இறந்தது, 1977 மார்ச் 27-ல் டெனரிஃப் தீவில் 583 பேர், இரண்டு ஜம்போ ஜெட்டுகள் ரன்வேயில் மோதித்தான்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வழி தவறிப் போகிற யாருக்கும் தான் வழி தவறியிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் தெரியாது. மிலான் லினாட்டேவில் 2001 அக்டோபர் 8 காலையில் நடந்ததைப் பாருங்கள். கடும் மூடுபனி. ஒரு சின்ன செஸ்னா ஜெட்டை ஆர்5 டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னார் கன்ட்ரோலர், பைலட்டும் ஆர்5 என்று சரியாகவே திருப்பிச் சொன்னார். ஆனால் திரும்பியது ஆர்6-ல். ஆர்5 ரன்வே முனையைச் சுற்றி வடக்கே போகும், ஆர்6 நேராக ரன்வேயை வெட்டும். போகிற வழியில் எஸ்4 அருகே வருகிறோம் என்று பைலட் சொல்கிறார். எஸ்4 என்ற குறி தரையில் இருந்தது. அவர்கள் கையில் இருந்த சார்ட்டில் (ஏர்போர்ட் வரைபடத்தில்) இல்லை, அப்படி ஒன்று இருப்பதே கன்ட்ரோலருக்கும் தெரியாது. ஆனாலும் பேச்சு அப்படியே தொடர்ந்தது, ஜெட்டும் தொடர்ந்து போனது, எழும்பிக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் விமானம் அதன் மேல் மோதியது. 118 பேர் போனார்கள். பழைய தரை ரேடாரைக் கழற்றியிருந்தார்கள், புதியதை இன்னும் பொருத்தவில்லை.

ஆக, ரீட்பேக், அதாவது கன்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, சரியாக இருந்தால் போதாது. கண்ணில் படுகிற போர்டு, கையில் இருக்கிற சார்ட், காதில் விழுகிற பெயர், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று ஒட்டவில்லை என்றாலும் அங்கேயே நின்று, எங்கே இருக்கிறேன் என்று சந்தேகமாக இருக்கிறது என்று டவரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்று கவனம்: ரன்வேயின் மேல் இருக்கிறோமோ என்றே சந்தேகம் வந்தால் அங்கே நிற்கக் கூடாது, முதலில் வெளியே வந்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். கேட்டால் கன்ட்ரோலர் சலித்துக்கொள்வார் என்று தயங்குகிறவர்கள் உண்டு. சலித்துக்கொள்ளட்டும்.

இன்ஜின் போடுவதற்கு முன் சார்ட்டை எடுத்து வையுங்கள். அதில் வட்டம் போட்டு ஹாட் ஸ்பாட் என்று காட்டியிருப்பார்கள். ஏற்கெனவே பலர் குழம்பிய இடங்கள் அவை. பைலட்டுகளுக்கான அறிவிப்பான நோட்டமில் எந்த டாக்ஸிவே மூடியிருக்கிறது, எந்த விளக்கு வேலை செய்யவில்லை என்று பார்த்துவிடுங்கள். டாக்ஸி கிளியரன்ஸ் வந்ததும் எழுதிக்கொண்டு, சார்ட்டில் விரல் வைத்து அந்த வழியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கெங்கே ரன்வேயை வெட்டுகிறது என்று பக்கத்து சீட்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உருள ஆரம்பித்த பிறகு செக்லிஸ்ட், கம்ப்யூட்டரில் எண் தட்டுவது எல்லாம் நேரான, ரன்வே குறுக்கே வராத பகுதியில் மட்டும். நியூயார்க் ஜேஎஃப்கே-யில் 2023 ஜனவரி 13 இரவு, ஒரு ரன்வேயைக் கடக்க அனுமதி வாங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 777, வேறு ரன்வேயைக் கடந்துவிட்டது. அதில் எழும்ப ஓடிக்கொண்டிருந்த டெல்டா 737-ஐ கன்ட்ரோலர் குரல் கொடுத்து நிறுத்தியதால் தப்பியது. டாக்ஸி நேரத்தில் மற்ற வேலைகள் பைலட்டுகளின் கவனத்தைப் பிடித்துக்கொண்டதுதான் அங்கே முக்கியக் காரணம்.

அடுத்து பெயின்ட். ரன்வேக்கு முன்னால் டாக்ஸிவேயின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும், இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக் கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் மூக்கு நுனிகூட அதைத் தாண்டக் கூடாது. விட்ட கோடு உங்கள் பக்கம் என்றால் நீங்கள் ரன்வேயிலிருந்து வெளியே வருகிறீர்கள், நிற்காமல் வால் வரை முழுசாக வெளியே வாருங்கள். இறங்கின அசதியில் பாதி வழியில் நின்றுகொண்டு ஃப்ரீக்வென்சி மாற்றுகிறவர்களின் வால் பின்னால் இறங்குகிறவருக்குத் தடையாக நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் ரன்வே எண், அங்கே நில். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நீங்கள் இப்போது இருக்கும் இடம், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து போகிற திசை. ஸ்டாப் பார் என்ற சிவப்பு விளக்கு வரிசை எரிந்துகொண்டிருந்தால், போகலாம் என்று டவர் சொல்லியிருந்தாலும் தாண்டாதீர்கள், விளக்கு எரிகிறது என்று திருப்பிச் சொல்லுங்கள். இதில் பேரமே கிடையாது.

இன்றைக்கு அந்த ரன்வேயை யாரும் பயன்படுத்தவில்லையே என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். ஒவ்வொரு ரன்வேயையும் கடக்கத் தனித்தனி அனுமதி. சென்னையில் 07/25, 12/30 என்ற இரண்டு ரன்வேக்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, அந்த மாதிரி இடத்தில் எது சும்மா கிடக்கிறது என்பது உங்கள் ஊகத்துக்கு விடப்பட்ட விஷயமில்லை.

ரேடியோவில் காது எதிர்பார்ப்பதைத்தான் கேட்கும். டோக்கியோ ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று, கடலோரக் காவல்படை விமானத்தை ரன்வேக்கு வெளியே நிற்க வேண்டிய இடமான சி5 ஹோல்டிங் பாயின்ட் வரைதான் போகச் சொன்னார்கள், கூடவே புறப்படும் வரிசையில் நம்பர் ஒன் என்றார்கள். ரன்வேக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டது என்று கேப்டன் எடுத்துக்கொண்டார். உள்ளே போய் 40 நொடி நின்ற பிறகு ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் வந்து இறங்கியது. ஏ350-ல் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள், சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். டவர் திரையில் எச்சரிக்கை எரிந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அந்த சி5-ல் ஸ்டாப் பார் விளக்கும் பராமரிப்புக்காக அணைந்திருந்தது. ஆகவே ரன்வே எண்ணையும், நிற்கச் சொன்ன இடத்தையும் முழுசாகத் திருப்பிச் சொல்லுங்கள், ஓகே, ரோஜர் என்று முடிக்காதீர்கள். வரிசையில் எத்தனையாவது என்ற தகவல் அனுமதி ஆகாது. காக்பிட்டில் இருவரும் ஒரே மாதிரி கேட்டார்களா என்று பாருங்கள். ஒருவர் முகத்தில் சின்னச் சந்தேகம் தெரிந்தாலும் மறுபடி கேளுங்கள். டெனரிஃபில் மோதிய இரண்டு ஜெட்டுகளில் ஒன்றான பான் ஆம் இன்னும் ரன்வேயில் இருக்கிறோம் என்று சொன்னதும் டவர் காத்திரு என்று சொன்னதும் ஒரே நொடியில் மோதி, மற்ற ஜெட்டான கேஎல்எம் பைலட்டுகளின் காதில் வெறும் கீச்சொலியாகத்தான் விழுந்தது. அப்படி ஒரு சத்தம் கேட்டாலே யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கேட்காமல் நகராதீர்கள்.

ரன்வேயில் ஏறி நின்று காத்திருக்கச் சொன்னால் அதுதான் ஆபத்தான நேரம், ஏனென்றால் வருகிறவருக்கு நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1991 பிப்ரவரி 1-ல் இப்படி நிற்கவைத்த சின்ன விமானத்தைக் கன்ட்ரோலர் மறந்துபோய், அதே ரன்வேயில் ஒரு 737-ஐ இறங்கச் சொல்லிவிட்டார். 35 பேர் இறந்தார்கள். ரன்வே விளக்குகளுக்கு நடுவே அந்தச் சின்ன விமானத்தின் விளக்கு 737 பைலட்டுகளுக்குத் தனியாகத் தெரியவில்லை. எனவே ஏறும்போதே ஸ்ட்ரோப் என்ற பளிச்சிடும் வெள்ளை விளக்கு உட்பட விளக்குகளைப் போடுங்கள், ஏறுவதற்கு முன் இறங்கும் பாதையை எட்டிப் பாருங்கள், உங்கள் ரன்வே எண்ணைச் சொல்லி யாருக்காவது இறங்க அனுமதி போகிறதா என்று காதைத் தீட்டி வையுங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் பதில் இல்லை என்றால் நான் இங்கேதான் நிற்கிறேன் என்று நினைவுபடுத்துங்கள்.

இறக்கை நுனி உரசல் வேறு வகை, அதில் உயிர் போவது அபூர்வம், ஆனால் அடிக்கடி நடக்கும். 2024 மார்ச் 27-ல் கொல்கத்தாவில், சென்னைக்குக் கிளம்ப வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ரன்வே அனுமதிக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் போன இண்டிகோவின் இறக்கை அதை உரசிவிட்டது. பெரிய ஜெட்டில் காக்பிட்டிலிருந்து இறக்கை நுனி சரியாகத் தெரியாது, பல விமானங்களில் தெரியவே தெரியாது. நடுக்கோட்டில் போனால் இடிக்காது என்பது எதிரே நிற்பவரும் தன் இடத்தில் ஒழுங்காக நின்றால் மட்டும். இடைவெளி போதுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் பிரேக் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

டிரைவர்களுக்கு: பீக்கன் என்ற சிவப்பு எச்சரிக்கை விளக்கு சுழல்கிற விமானத்தின் முன்னாலும் பின்னாலும் போகாதீர்கள், அது இன்ஜின் போட்டிருக்கிறது அல்லது இப்போது போடப்போகிறது. விமானத்துக்கு எப்போதும் வழி விட வேண்டியது நீங்கள்தான். மஞ்சள் கோடுகளின் விதி உங்கள் ஜீப்புக்கும் அப்படியே பொருந்தும். ரன்வேயில் வேலை செய்கிறவர்கள் டவர் ரேடியோவை அணைத்து வைக்காதீர்கள், மொபைலில் பேசாதீர்கள். ரேடியோ செத்துவிட்டால் உடனே ரன்வேயை விட்டு வெளியே வந்து டவரைப் பாருங்கள்; நிலையான சிவப்பு விளக்கு காட்டினால் நில், மின்னும் சிவப்பு என்றால் ரன்வேயை விட்டு விலகு, மின்னும் வெள்ளை என்றால் கிளம்பின இடத்துக்குத் திரும்பு. ரன்வே விளக்குகளே மொத்தமாக அணைந்து அணைந்து எரிந்தால் அதுவும் உங்களை வெளியே போகச் சொல்வதுதான், பக்கத்தில் இருக்கிற ஓரத்துக்கு வண்டியை ஓட்டிவிட்டு அப்புறம் டவரைப் பாருங்கள்.