நாலு குறுவையை முன்கூட்டியே எழுதிவைப்பது: ஆராய்ச்சித் திட்டக்காரர்களுக்கு ஒரு கைவழி

டெல்டாவில் வேளாண் ஆராய்ச்சி செய்கிற குழுக்களுக்கு ப்ரொபோசல் எழுத உதவுவது என் பிழைப்பில் பாதி. முடிந்த திட்டங்களைப் போய் மதிப்பீடு செய்வது மீதிப் பாதி. (ஒரே திட்டத்துக்கு இரண்டையும் செய்வதில்லை.) இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில், ப்ரொபோசலில் இருக்கிற மூன்று ஆண்டும் ஒரே ஆண்டாகத்தான் இருக்கும். ஜூனில் விதைப்பு, அக்டோபரில் அறுப்பு, டிசம்பரில் அறிக்கை. அதையே காப்பி எடுத்து அடுத்த இரண்டு வருடத்துக்கும் ஒட்டியிருப்பார்கள். காவிரி அப்படி வருவதில்லை.

எதிர்காலத்தை யோசிக்கும் முறைகள் என்றால் ஜோசியமா என்று சிரிப்பார்கள். என்ன நடக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. எது நடந்தால் நாம் என்ன செய்வோம், அப்போது எதை அளப்போம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிவைக்க முடியும். இந்தப் பயிற்சியால் பட்ஜெட்டில் ஒரு வரியாவது, தேர்ந்தெடுத்த விவசாயிகள் பட்டியலாவது, மதிப்பீட்டில் ஒரு கேள்வியாவது மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது வெறும் டீ, வடை செலவு.

ஒரு திட்டத்தை வைத்தே சொல்கிறேன். திருவாரூர் பக்கம் குறுவை (ஜூனில் தொடங்குகிற குறுகிய காலப் பருவம்) நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை மூன்று ஆண்டு சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதிப்பார்கள். உள்ளே தெரிகிற தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிட மாட்டார்கள். தண்ணீர் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். காகிதத்தில் அருமையான திட்டம்.

எவ்வளவு தூரம் முன்னால் பார்க்க வேண்டுமோ, அவ்வளவு தூரம் பின்னால் போங்கள்

பத்து ஆண்டு முன்னால் பார்க்கப் போகிறீர்கள் என்றால் குறைந்தது பத்து ஆண்டு பின்னால் போய்ப் பாருங்கள். மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் வந்துவிட்டது. 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் மறுபடி ஜூன் 12, ஆனால் அக்டோபரில் மூடிவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28. இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால், 'ஜூன் இரண்டாவது வாரம் நாற்றங்கால்' என்று அட்டவணை போட யாருக்கும் கை வராது.

இரண்டு கோடு, நான்கு கதை

இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று பல கதைகளை எழுதிவைக்கிற சினாரியோ முறையைப் பிரபலமாக்கியது ஷெல் எண்ணெய் நிறுவனம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே பியர் வாக் என்பவரின் குழு, எண்ணெய் விலை எகிறினால் என்ன ஆகும் என்ற கதையையும் சேர்த்தே எழுதிவைத்திருந்தது. 1973-ல் விலை எகிறியது. நமக்கு அவ்வளவு ஆள்பலம் வேண்டாம். ஒரு சார்ட் பேப்பரும் ஒரு முழு மதியமும் போதும்.

திட்டத்தைப் பாதிக்கக்கூடிய விஷயங்களைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். ரொம்பப் பாதிக்கும், ஆனால் எப்படிப் போகும் என்று தெரியாது என்கிற இரண்டை மட்டும் எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். முதல் கோடு எல்லாருக்கும் தெரிந்ததே: ஆற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வருமா, தாமதமா. இரண்டாவது கோட்டில்தான் சண்டை வரும், வரட்டும். பூச்சி, விலை, ஆள் கூலி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மாறவே மாறாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எது? தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் கரண்ட் இலவசம். அதில் நேரக் கட்டுப்பாடோ மீட்டரோ வந்தால்? அதை இரண்டாவது கோடாகப் போட்டதும் திட்டத்தின் முகமே மாறுகிறது.

தண்ணீர் தாமதம், கரண்ட் இலவசம் என்ற கட்டத்தைப் பாருங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) இருப்பவர் மட்டும் குறுவை போடுவார். இல்லாதவர் நேராக அடுத்த பருவமான சம்பாவுக்குப் போய்விடுவார். போர் உள்ளவர், இல்லாதவர் என்று நீங்கள் பாதிக்குப் பாதி எடுத்த விவசாயிகளில் ஒரு பாதி முதல் வருடமே காலி. மிஞ்சியவருக்கோ மோட்டார் ஓடுவதற்குக் காசு கிடையாது, எதற்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போகிறார்?

தண்ணீர் நேரத்துக்கு வருகிற கட்டம் நல்ல கட்டம் போலத் தெரியும். அதில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். வாய்க்காலில் முறைப்பாசனம் வைத்திருந்தால் உங்கள் முறை போய்விட்டது என்றால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, குழாய்க்குள் 15 செ.மீ. இறங்கட்டும் என்று எந்த விவசாயி வரப்பில் கைகட்டி நிற்பார்? கிடைக்கும்போதே நிரப்பிக்கொள்வார். போதாததற்கு, மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு வழிகிற இடங்களில் பக்கத்துக்காரர் பாய்ச்சினால் நம் குழாயிலும் மட்டம் ஏறும். ஆக, 'விவசாயி முறையைக் கடைப்பிடித்தாரா' என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி. 'தண்ணீரை நிறுத்தவும் திறக்கவும் அவர் கையில் இருந்ததா' என்பதுதான் அளக்க வேண்டியது. இந்த ஒரு கேள்வி கிடைத்ததற்காகவே அந்த மதியம் தகும்.

கதை ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் போதும். பெயர் வையுங்கள், ஆனால் 'நல்லது', 'மோசம்' என்று வைக்காதீர்கள். வைத்தால் எல்லாரும் நல்லதற்கு மட்டும் திட்டம் போடுவார்கள்.

தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு பேசுவது

உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிப் பரவலான முறை, ப்ரீமார்ட்டம். கூட்டத்தைக் கூட்டி, 'மூன்று வருடம் முடிந்தது, திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும். 'தோற்கலாம்' என்று சொல்லாதீர்கள், தோற்றுவிட்டது. பேசாமல் பத்து நிமிடம் தனித்தனியாக எழுதட்டும். பிறகு சம்பளம் குறைந்தவரிடமிருந்து வாசிக்க ஆரம்பியுங்கள். பேராசிரியர் முதலில் பேசினால் மற்ற காகிதமெல்லாம் மடிந்து பைக்குள் போய்விடும்.

ஒரு கூட்டத்தில் களப் பணியாளர் ஒருவர் வாசித்தது: "களை எடுக்க வர்றவங்க குழாயைப் பிடுங்கி வரப்புல வச்சிருவாங்க மேடம். போகும்போது திரும்ப நட்டுருவாங்க, ஆனா ஆழம் மாறிடும்." இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது. குழாயில் மண்மட்டத்துக்குப் பெயிண்ட் கோடு போடவும், களையெடுப்பு முடிந்த மறுநாள் சரிபார்க்கவும் பட்ஜெட்டில் ஒரு வரி ஏறியது.

டெல்ஃபி, சின்ன அளவில்

1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்த முறை. நிபுணர்களிடம் பெயர் வெளியே தெரியாமல் கருத்துக் கேட்டு, தொகுத்ததை எல்லாருக்கும் காட்டி, மறுபடி கேட்பது. இரண்டு சுற்றுக்கு மேல் போனால் ஆட்கள் சலித்துவிடுவார்கள். நிபுணர் என்றால் விஞ்ஞானி மட்டும் என்று நினைக்காதீர்கள். ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர், கடைமடை விவசாயி, அறுவடை இயந்திரத்துக்குப் புரோக்கராக இருப்பவர், இவர்களையும் சேருங்கள். எழுதச் சொல்லாமல் போனில் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பதில்களின் சராசரியைப் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். எல்லாரிடமிருந்தும் விலகி நிற்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதே சரக்கு.

பத்து வருடம் கழித்து இருக்க வேண்டிய நிலையிலிருந்து பின்னோக்கி நடந்து வருகிற முறையும் உண்டு. மூன்று வருடத் திட்டத்துக்கு அது அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பது என் கருத்து. துறை அளவிலான திட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கைகாட்டிகள்

நான்கு கதையில் எந்தக் கதைக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று காட்டும் அறிகுறிகளை எழுதி, பக்கத்திலேயே முடிவையும் எழுதுங்கள். உதாரணமாக, ஜூன் முதல் தேதி மேட்டூர் மட்டம் 90 அடிக்குக் கீழ் என்றால், போர் இல்லாத வயல்களை அந்த ஆண்டு சம்பாவுக்கு மாற்றுவது. அதற்கான விதை, கூலி, கூடுதல் மாதச் சம்பளம் ஆகியவை தனித் தலைப்பில். யார் பார்ப்பது, எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்பதும் இருக்க வேண்டும். பெயர் போடாத கைகாட்டியை யாரும் பார்ப்பதில்லை.

மதிப்பீட்டுக்கு வரும்போது

இந்தக் காகிதங்களைத்தான் முதலில் கேட்பேன். எத்தனை குழாய், எத்தனை பயிற்சி என்ற கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். எந்தக் கதை நடந்தது? கைகாட்டி காட்டிய அன்று குழு சொன்னபடி செய்ததா? செய்யாததற்குக் காரணம் எழுதியிருக்கிறதா? நான்கிலும் இல்லாத ஒன்று நடந்ததா? அது நடந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கவனித்தார்களா என்று பாருங்கள்.

கடைசியாக முடிவுகளை எடுத்து, நடக்காமல் போன மூன்று கதைக்குள்ளும் போட்டுப் பாருங்கள். மூன்று வருடமும் ஆறு நிறைய ஓடியிருந்தால், கிடைத்த தண்ணீர் மிச்சம் 2017 மாதிரி ஆண்டில் நிற்குமா? நிற்காது என்றால் அறிக்கையில் பரிந்துரைக்கு முன்னால் 'எந்தச் சூழலில்' என்று ஒரு வாக்கியம் வர வேண்டும்.

ப்ரொபோசலில் இதற்கு இரண்டு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ரெவ்யூ செய்பவர் படிக்க மாட்டார். முழுசாக எழுதியதைப் பின்னிணைப்பில் தேதியோடு வைத்து, திட்டம் தொடங்கும் நாளிலேயே நிதி தருபவருக்கு ஒரு பிரதி மெயிலில் அனுப்பிவிடுங்கள். பிறகு யார் நினைத்தாலும் திருத்த முடியாது, நீங்கள் உட்பட.