இழுபறித் தேர்தலைக் கணிக்க ஒரு நோட்டும் இரண்டு பகடையும்

2016 நவம்பர் 8 காலையில் என் நோட்டில் இப்படி எழுதினேன்: "கிளிண்டன், 90 சதவீதம்." அன்று நடுராத்திரி தாண்டி டிவியை அணைத்தபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கிழிக்கவில்லை. அமெரிக்க அதிபர் தேர்தலைக் கணிக்க நினைக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை அதுதான். தேதி போட்டு, பேனாவால், சதவீதத்தோடு எழுதுங்கள். "அவர்தான் வருவார் போலிருக்கு" என்று எழுதினால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். 90 என்று எழுதிவிட்டால் வளையாது.

நான் பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுண்டியில் வசிக்கிறேன் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). கணக்கு எழுதுவது தொழில். கருத்துக்கணிப்புத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தபால் பெட்டி பிரசுரத் தாள்களால் மூட முடியாமல் நிரம்பும். தெரிந்தவர்கள் எல்லாரும் போன் போட்டு "உங்க ஊர்தானே முடிவு பண்ணுது, சொல்லுங்க" என்பார்கள். சொல்லிச் சொல்லித் தப்பாகி, ஒரு வழிமுறை உருவாயிற்று.

நாடு முழுக்க யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2000இல் அல் கோர் சுமார் 5.4 லட்சம் வாக்கு அதிகம் வாங்கித் தோற்றார். புளோரிடாவில் 537 வாக்கு அவரைச் சாய்த்தது. 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார். எண்ண வேண்டியது 538 தேர்வாளர் வாக்குகளை: ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று தேர்வாளர்கள் உண்டு, மாநிலத்தில் ஜெயிக்கிறவருக்கே பொதுவாக அத்தனையும் போகும், அவர்கள் வாக்குதான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது. 270 கிடைத்தால் வெற்றி. பெரும்பாலான மாநிலங்கள் யாருக்கு என்பது முன்பே தெரிந்த கதை. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் தங்கள் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கும், அதை மறந்துவிடக் கூடாது.

2024ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். உறுதியானவற்றைக் கழித்த பிறகு மிஞ்சியவை ஏழு மாநிலங்கள்: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. மொத்தம் 93. இவை இல்லாமல் ஹாரிஸிடம் 226, டிரம்பிடம் 219. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டு குறுக்கு வழிகள் கண்ணில் படும். ஹாரிஸுக்குப் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் கிடைத்தால் சரியாக 270. டிரம்புக்குப் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா கிடைத்தால் அவருக்கும் சரியாக 270. இரண்டிலும் பென்சில்வேனியா இருக்கிறது. எங்கள் தபால் பெட்டி ஏன் நிரம்பியது என்று புரிகிறதா? 269-269 என்று சமமாக முடிந்தால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 26 வேண்டும். அதை ஒரு வரியில் குறித்து வைத்துக்கொண்டு மேலே போய்விடலாம்.

அடுத்தது கருத்துக்கணிப்பு. ஒற்றைக் கணிப்பைத் தனியாகப் பார்க்காதீர்கள், சராசரியைப் பாருங்கள். ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒவ்வொரு வேட்பாளரின் சதவீதத்திலும் 3 புள்ளி அளவுக்குக் கூடக் குறைய இருக்கலாம் என்று நிறுவனமே சொல்லிவிடும். பலரும் தவற விடுவது என்னவென்றால், இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 48க்கு 46 என்று வந்தால், உண்மையில் அவர் 8 புள்ளி முன்னால் இருக்கலாம், 4 புள்ளி பின்னாலும் இருக்கலாம்.

இது சீட்டுக் குலுக்கி ஆளைப் பொறுக்குவதில் வரும் பிழை மட்டும்தான். பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கும் கணிப்புக்காரர்கள் போன் செய்வார்கள். நான் எடுப்பதில்லை. என் மனைவியும் எடுப்பதில்லை. 1997இல் பியூ ஆய்வு மையத்தின் போன் கணிப்புகளுக்கு 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018இல் 6 சதவீதம். எடுக்கிறவர்களும் எடுக்காதவர்களும் ஒரே மாதிரி வாக்களித்தால் தொல்லையில்லை. 2016இல் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கணிப்புகளுக்கு அதிகம் பதில் சொன்னார்கள், கிளிண்டனுக்கும் அதிகம் வாக்களித்தார்கள். பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதியை வைத்துச் சரிக்கட்டாமல் விட்டன. மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 வாக்குகளில் தேர்தல் கைமாறிப் போயிற்று.

என் 90 சதவீதமும் அங்கேதான் விழுந்தது. கிளிண்டன் மூன்றிலும் முன்னால் இருக்கிறார், மூன்றும் ஒரே நேரத்தில் கவிழுமா என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொன்றும் கவிழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் மூன்றும் கவிழ 27இல் ஒன்று என்று பெருக்கி வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் சரிதான். பெருக்கவே கூடாது என்பதுதான் விஷயம். ஒரே மாதிரி ஆட்கள் போன் எடுக்காமல் இருந்தால் விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் ஒரே பக்கமாகத்தான் தப்பாகும். பிழைகள் கைகோத்துக்கொண்டு வரும். நெருக்கமான தேர்தலைக் கணிப்பதில் இதற்கு மேல் முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதைக் கையால் உணர ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பகடை, ஒரு வெள்ளைப் பகடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மாநிலங்களுக்கும் சராசரி வித்தியாசத்தை எழுதுங்கள். 2024இல் நான் எழுதியது, ஹாரிஸ் பக்கத்திலிருந்து பார்த்து, தோராயமாக: மிச்சிகன் +1, விஸ்கான்சின் +1, பென்சில்வேனியா 0, நெவாடா அரைப் புள்ளி பின்னால், வட கரோலினா −1, ஜார்ஜியா −1, அரிசோனா −2.

முதலில் இரண்டு பகடையையும் சேர்த்து உருட்டுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து 7ஐக் கழியுங்கள். அதுதான் பொதுப் பிழை, ஏழு மாநிலங்களுக்கும் ஒன்றே. 4 விழுந்தது என்று வையுங்கள்: 4 − 7 = −3. எல்லா மாநிலமும் மூன்று புள்ளி கீழே இறங்கும். மிச்சிகன் இப்போது −2. பிறகு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒரு முறை உருட்டி, சிவப்பிலிருந்து வெள்ளையைக் கழித்துப் பாதியாக்கிச் சேருங்கள். மிச்சிகனுக்குச் சிவப்பு 5, வெள்ளை 2 விழுந்தால் +1.5. அதிர்ஷ்டமான உருட்டல்தான், ஆனாலும் −0.5, மாநிலம் போயிற்று. சரியாகப் பூஜ்யம் வந்தால் காசு சுண்டுங்கள். ஏழையும் முடித்துத் தேர்வாளர்களைக் கூட்டினால் ஒரு தேர்தல் முடிந்தது. இப்படி நூறு தேர்தல்.

எனக்கும் மகளுக்கும் இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நான் உருட்ட அவள் எழுதினாள். கம்ப்யூட்டரில் விரிதாள் போட்டால் ஒரு நிமிஷத்தில் பத்தாயிரம் தேர்தல் நடத்தலாம், தெரியும். ஆனால் உருட்டும்போதுதான் விஷயம் புத்தியில் உறைக்கும். இருபதாவது தேர்தலிலேயே மகள் கேட்டாள்: "அப்பா, ஏன் எப்பவும் எல்லாமே ஒரே பக்கம் விழுது?" அதுதான். நூறில் எண்பது முறைக்குப் பக்கம் ஐந்து, ஆறு அல்லது ஏழு மாநிலங்கள் ஒருவருக்கே போயின. கணிப்புகள் சமமாக இருக்கின்றன என்பதால் முடிவும் சமமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் ஏழும் டிரம்புக்குப் போயின, 312க்கு 226. அத்தனை மாநிலங்களிலும் சராசரி ஒரே திசையில், சில புள்ளிகள் மட்டும் தவறியிருந்தது.

பகடையில் பொதுப் பிழை 5 புள்ளியைத் தாண்டாது, அதனால் அது கணிப்புக்காரர்களிடம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொள்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2020இல் விஸ்கான்சின் சராசரி பைடனுக்கு 8 புள்ளி பக்கம் முன்னிலை காட்டியது, ஒரு கணிப்பு 17 என்றே சொன்னது. கடைசியில் அவர் ஜெயித்தது ஒரு புள்ளிக்கும் குறைவாக, 20,682 வாக்கில்.

"அப்படியானால் ஒவ்வொரு முறையும் டிரம்ப் பக்கம் ரெண்டு புள்ளி கூட்டிவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். 2012இல் நாடு தழுவிய சராசரி ஒபாமாவுக்கு ஒரு புள்ளி பக்கம் காட்டியது, அவர் கிட்டத்தட்ட 4 புள்ளியில் ஜெயித்தார். பிழை அப்போது எதிர்ப் பக்கம். போன தேர்தலின் பிழையை நிறுவனங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன, சரிக்கட்டிக்கொண்டே வருகின்றன. அடுத்த பிழை எந்தத் திசையில் வரும் என்று தெரிந்தால் அதற்குப் பெயர் பிழையே இல்லை.

எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு முன் நடும் பலகைகள், கூட்டத்துக்கு வந்த தலைகள், இரண்டும் வேண்டாம். ஜார்ஜியாவில் இருக்கும் என் மச்சான் 2020இல் தினமும் போன் செய்து "அத்தான், எங்க தெருவுல பதினோரு பலகை டிரம்புக்கு, ரெண்டுதான் பைடனுக்கு" என்று கணக்குக் கொடுப்பான். பைடன் அந்த மாநிலத்தை 11,779 வாக்கில் எடுத்தார். பிறகு, "இந்தக் கவுண்டி எப்போதும் ஜெயிக்கிறவருக்கே போடும்" என்ற கதைகள். இண்டியானாவின் வீகோ கவுண்டி 1956 முதல் 2016 வரை ஒருமுறைகூடத் தவறவில்லை, 2020இல் தவறியது. வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் கவுண்டி 1980 முதல் 2020 வரை சரியாகச் சொன்னது, 2024இல் அதுவும் போயிற்று. மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள் இருக்கும் நாட்டில் சில கவுண்டிகள் தொடர்ந்து சரியாக விழத்தான் செய்யும்.

கடைசி நேர அதிசயக் கணிப்பு இன்னொரு கண்ணி. இதில் நான் விழுந்த கதை நோட்டிலேயே இருக்கிறது. 2024இல் பகடை ஹாரிஸுக்குக் கொடுத்தது 48. எழுதிவிட்டேன். நவம்பர் 2 சனிக்கிழமை அயோவாவிலிருந்து ஒரு கணிப்பு வந்தது, பல தேர்தல்களில் பேர் வாங்கிய ஆன் செல்சர் எடுத்தது: ஹாரிஸ் 47, டிரம்ப் 44. டிரம்புக்கு உறுதி என்று நினைத்திருந்த அயோவாவிலேயே இப்படியா என்று 48ஐ அடித்து 52 என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து அயோவாவில் டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். நல்ல பேர் உள்ளவருடையதானாலும் ஒரு கணிப்பு ஒரு கணிப்புதான், சராசரிக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும்.

தேர்தல் ராத்திரி கணிப்பதும் ஒரு தனி ருசி. ஆனால் யார் முன்னால் என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அது எந்தக் கட்டு வாக்கு முதலில் எண்ணப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கள் மாநிலச் சட்டப்படி தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் உறைகளைப் பிரிக்க முடியாது. அதனால் 2020இல் டிரம்ப் இங்கே ஒரு கட்டத்தில் ஏழு லட்சம் பக்கம் முன்னால் இருந்தார். தபால் வாக்கு எண்ணி முடித்ததும் பைடன் 80,555இல் ஜெயித்தார், முடிவு தெரிய சனிக்கிழமை ஆயிற்று. பார்க்க வேண்டியது, முழுசாக எண்ணி முடித்த ஒரு கவுண்டி போன தேர்தலைவிட எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது. 2024இல் விர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி சீக்கிரமே எண்ணி முடித்தது. 2020இல் பைடனுக்கு அங்கே 25 புள்ளி வித்தியாசம், இப்போது ஹாரிஸுக்குப் பதினாறு, பதினேழுதான். அதைப் பார்த்ததும் நான் பகடையின் முதல் உருட்டலை நினைத்துக்கொண்டேன். பொதுப் பிழை எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்துவிட்டது. லவுடன் ஹாரிஸ் கையில் நின்றாலும் நெருக்கமான மற்ற இடங்கள் நிற்காது. அன்று என் சொந்த பக்ஸ் கவுண்டியே சில நூறு வாக்கில் டிரம்புக்குப் போயிற்று, 1988க்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சிக்காரருக்கு அது முதல்முறை.

எல்லாம் முடிந்த பின் மதிப்பெண் போடுங்கள். நீங்கள் சொன்ன வாய்ப்பைத் தசமத்தில் எழுதி, நடந்திருந்தால் 1இலிருந்தும் நடக்காவிட்டால் 0இலிருந்தும் உள்ள தூரத்தை வர்க்கமாக்குங்கள். குறைந்தால் நல்லது. ஒன்றுமே தெரியாமல் எப்போதும் 50 என்று சொல்கிறவருக்கு 0.25 கிடைக்கும். என் கணக்கு: 2016இல் கிளிண்டனுக்கு 0.9 கொடுத்தேன், தோற்றார், 0.81. 2020இல் பைடனுக்கு 0.75 கொடுத்தேன், ஜெயித்தார், 0.0625. 2024இல் ஹாரிஸுக்கு அந்த அடித்துத் திருத்திய 0.52, தோற்றார், 0.2704. சராசரி 0.38. திருத்தாமல் 48ஐயே விட்டிருந்தால் 0.37.

காசு சுண்டியவர் இன்னும் முன்னால்தான் இருக்கிறார்.