கையெழுத்துப் போடும் முன் பிளேட்டை இன்னொரு முறை பாருங்கள்

கல்ச்சர் ரிப்போர்ட்டில், அதாவது நோயாளியின் மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த அறிக்கையில், இரண்டு விஷயங்கள் இருக்கும். வளர்ந்தது என்ன பாக்டீரியா, அது எந்த மருந்துக்கு அடங்கும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் இவற்றைத் தனித்தனி வேலையாகச் செய்து முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயரை வைத்து மருந்துப் பட்டியலைச் சோதிக்கலாம், பட்டியலை வைத்துப் பெயரையும் சோதிக்கலாம் என்பது பிடிபட எனக்குச் சில வருடங்கள் ஆயின.

சரி, காலனியிலிருந்து, அதாவது பிளேட்டில் பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளியிலிருந்து வருவோம். பிளேட்டில் தனியாக நிற்கும் காலனியை மட்டும் தொடுங்கள். இரண்டு வகை கலந்திருக்கலாம் என்று தோன்றினால் புதிய பிளேட்டில் மறுபடி கோடிழுத்து ஒரு நாள் காத்திருங்கள். வார்டிலிருந்து அவசரமாகக் கேட்டால் கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கண்டதைச் சொல்லுங்கள். கலப்பு வளர்ச்சிக்குப் போட்ட டிஸ்க் (மருந்து ஊறிய சிறு காகித வட்டு) முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்தது கலங்கல். உப்புக் கரைசலில் காலனிகளைக் கலக்கி 0.5 மக்ஃபர்லேண்ட் என்ற கலங்கல் அளவுக் குழாயோடு ஒப்பிட வேண்டும். அது மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் கண்ணளவிலேயே போதும் என்று விட்டுவிட்டேன். கலங்கல் கெட்டியாகிவிட்டது. டிஸ்கைச் சுற்றி பாக்டீரியா வளராமல் விடும் வளையங்கள் எல்லாம் சுருங்கி, எளிய மருந்துகள்கூட வேலை செய்யாது என்று ரிப்போர்ட் போனது. மறுநாள் மூத்தவர் திரும்பப் போட்டபோது அதே மருந்துகள் நன்றாகக் கேட்டன. இடைப்பட்ட ஒரு நாள் அந்த நோயாளிக்குத் தேவையில்லாமல் மிக வலிய மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒப்பிடாமல் நான் ஸ்வாப்பை, அதாவது கலங்கலைத் தடவும் பஞ்சுக் குச்சியை, தொட்டதில்லை.

கலக்கிய 15 நிமிடத்துக்குள் இந்தச் சோதனைக்கான முல்லர் ஹின்டன் பிளேட்டில் தடவிவிடுங்கள். அதிலுள்ள அகார் (வளர்ப்பு ஜெல்லி) 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் வளையம் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். மெல்லிய பிளேட்டைத்தான் நான் அதிகம் பயப்படுவேன், கேட்காத மருந்தையும் கேட்கும் என்று காட்டிவிடும். டிஸ்க் குப்பியைக் குளிரிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். வைத்த டிஸ்கை நகர்த்தவும் கூடாது, தொட்ட கணமே மருந்து அகாரில் இறங்கத் தொடங்கிவிடும். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். பக்கத்திலேயே சோதனை சரியா என்று பார்க்க வைத்திருக்கும் ஏடிசிசி 25922 என்ற ஈ.கோலை பாக்டீரியாவும் ஓடட்டும். அதன் வளையம் வரம்பைத் தாண்டினால் அந்த மருந்தின் முடிவை வெளியே விடாதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம். பெயரையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கிளெப்சியெல்லா நிமோனியே பிறவியிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காது. புரோட்டியஸ் நைட்ரோஃபுரான்டாயினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காது. என்டெரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் எதுவும் பயன்படாது. இதற்கு மாறாக ஒரு வரி கண்ணில் பட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. பெரும்பாலும் பெயரில்.

ஒருமுறை சிறுநீர் மாதிரியில் வழவழவென்ற காலனி. கிளெப்சியெல்லா என்று எழுதியிருந்தார்கள். ஆம்பிசிலினைச் சுற்றி அகலமான வளையம். பேனாவை வைத்துவிட்டு, பயிற்சியில் இருந்த பெண்ணை இண்டோல், சிட்ரேட் என்ற அடையாளச் சோதனைகளை மறுபடி போடச் சொன்னேன். இண்டோலில் சிவப்பு வளையம் வந்தது, சிட்ரேட் பச்சையாகவே நின்றது. வழவழப்பான ஈ.கோலை அது. அவள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கோலிஸ்டினை மட்டும் டிஸ்கில் பார்த்துச் சொல்லாதீர்கள். அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. திரவத்தில் நீர்த்துப் பார்க்கும் முறைதான் அதற்கு.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் திருத்திய ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள். அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.