நிலாவில் செங்கல் அறுக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊத்துக்கோட்டை பக்கம் செங்கல் சூளைகள் அதிகம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அதனாலோ என்னவோ, 2023 ஜூலையில் சந்திரயான்-3 போனதிலிருந்து இங்கே பள்ளிக் கண்காட்சிகளில் நிலாவில் கட்டிய செங்கல் வீடு ஒன்றாவது இருக்கும். நடுவராகப் போகும்போது அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தெரிந்த சூளை மேஸ்திரி ஒருவரிடம் நிலா மண்ணைப் பற்றிச் சொன்னேன். "உருட்டினா உருண்டை நிக்குமா சார்?" என்றார். அதுதான் கேள்வி. களிமண் உண்டாகத் தண்ணீர் வேண்டும். நிலாவில் களிமண் இல்லை; இருப்பது விண்கற்கள் இடித்து இடித்துப் பொடியாக்கிய பாறை. அங்கே இறங்கியவர்களின் காலடித் தடம் அழியாமல் நின்றதே என்பீர்கள். துகள்களின் முனைகள் கூர்மையாக இருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் ஆரணியாற்று மணலை அள்ளிவந்து 'நிலா மண்' என்று சீட்டு ஒட்டாதீர்கள். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம், முனையும் தேய்ந்தது. நிலாவில் குவார்ட்ஸ் மிக அபூர்வம். இஸ்ரோ, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையை இடித்துத்தான் மாதிரி மண் செய்தது. அதுவும் நிலாவின் மேட்டுப் பகுதிக்கே பொருந்தும். கறுத்துத் தெரியும் சமவெளிகள் பசால்ட் என்ற எரிமலைப் பாறை.

அடுத்தது தண்ணீர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இல் பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பசை சேர்த்துக் கல் செய்தது உண்மை. ஆனால் அது காற்றும் தண்ணீரும் உள்ள ஆய்வகத்தில். வெற்றிடத்தில் குழைத்த தண்ணீர் கொதித்து ஓடிவிடும். சரி, சுட்டுவிடலாம் என்றால் ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், விறகு எரியக் காற்று இல்லை. வெயிலைக் குவித்தால் மேலே உருகும், அடியில் பொடியாகவே கிடக்கும்; காற்றில்லாத பொடியில் சூடு லேசில் இறங்காது.

செவ்வாய்க்கும் இதே செய்முறை என்று எழுதுவதையும் விடுங்கள். அங்கே மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் காட்டியது. தைராய்டுக்கு ஆகாத சரக்கு.

ஆனால் பெரிய தவறு, சுவர் கூரையைத் தாங்கினால் போதும் என்று நினைப்பது. செங்கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். நம்மூர்க் காற்றழுத்தத்தை உள்ளே அடைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் வெளியே தள்ளும். கூரைமேல் ஒரு மீட்டர் நிலா மண் கொட்டினாலும் அங்குள்ள ஈர்ப்பில் கால் டன் கனம்தான் வரும். ஈடுகட்ட 40 மீட்டர் கொட்ட வேண்டும்! அதனால்தான் காற்றை உள்ளே ஒரு பலூன் போன்ற உறை பிடித்துக்கொள்ள, கல்லையும் மண்ணையும் கதிர்வீச்சுக்கும் விண்கல்லுக்கும் போர்வையாக வைக்கத் திட்டமிடுகிறார்கள்.

அடுத்த கண்காட்சிக்குத் தீப்பெட்டிகளை ஒட்டி வீடு கட்டி, உள்ளே பலூன் வைத்து ஊதிக் காட்டுங்கள். முதலில் எந்த மூலை விடுகிறது என்று நடுவரையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.